இடப்பக்கம் காலியாக இருந்த ஞாயிறு

பக்கவாதம் என்றால் வாய் கோணும், பேச்சு குழறும் என்றுதான் நான் கேள்விப்பட்டிருந்தேன். எனக்கு வந்தபோது வாய் நேராகத்தான் இருந்தது. பேச்சும் போகவில்லை. என் தங்கையைக் கேட்டால், பேச்சு இன்னும் கொஞ்சம் கூடித்தான் போனது என்பாள். எனக்குப் போனது இடப்பக்கம். கை காலோடு சேர்ந்து உலகத்தின் இடப்பக்கமே காணாமல் போய்விட்டது. இப்படி ஒரு நோய் இருக்கிறது என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேனோ என்னவோ. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன் என்பது போகப் போக உங்களுக்கே தெரிந்துவிடும். இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

என் பெயர் ரோசலின். வயது அறுபத்தொன்று. மலேசியாவில், ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் தனியாக இருக்கிறேன். கணவர் இறந்து ஆறு வருடமாகிறது, பிள்ளைகள் இல்லை. ஜெலாப்பாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவள். எனக்கு ஒரே தங்கை, ஸ்டெல்லா. என்னைவிட இரண்டு வயது இளையவள், தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்தவள். நிறம், முடி, படிப்பு, பல்வரிசை என்று ஒவ்வொன்றிலும் அவளைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்திருக்கிறது. ஆனால் அதிகமாக எரிந்தது குறுக்கெழுத்தில்தான்.

லகாட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தோம். அப்பா பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுப்பவர். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் டவுனுக்குப் போய்த் தமிழ்ப் பத்திரிகை வாங்கி வருவார். அதில் ஒரு பக்கம் முழுக்கப் புதிர்கள். ஆறு வித்தியாசம், புள்ளிகளை இணைப்பது, முயலுக்கு வழி காட்டுவது, கீழே குறுக்கெழுத்து. பத்திரிகை ஒன்று, நாங்கள் இரண்டு பேர். வாராவாரம் சண்டை. ஒருநாள் அப்பா பொறுமையிழந்து, பென்சிலை எடுத்துக் கட்டங்களின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டார்.

"வலது பக்கம் பெரியவளுக்கு, இடது பக்கம் சின்னவளுக்கு. கோட்ட தாண்டுற சொல்லு எந்தப் பக்கம் ஆரம்பிக்குதோ அவளுக்கு. இனி சத்தம் கேட்டிச்சி, ரெண்டு பேருக்கும் அடி" என்றார்.

நியாயமாகத்தான் பட்டது. ஆனால் தமிழை இடமிருந்து வலமாகத்தானே எழுதுகிறோம்? கோட்டைத் தாண்டும் நீளமான சொற்கள் அத்தனையும் இடப்பக்கத்தில்தான் தொடங்கும். எனக்கு மிஞ்சியவை குட்டிக் குட்டிச் சொற்கள். இது எனக்கு உறைக்க ஒரு வருடம் ஆயிற்று. ஸ்டெல்லாவுக்கு முதல் நாளே தெரியும். அப்போது அவளுக்கு ஏழு வயது.

பதினேழு வயதில் நான் தொழிற்சாலைக்குப் போனேன். அவள் படித்து, பயிற்சிக் கல்லூரிக்குப் போனாள். அதன்பிறகு கோடு இல்லை. ஆளுக்கொரு பத்திரிகை வாங்கி, முழுக் கட்டத்தையும் தனித்தனியே நிரப்பி, ஞாயிறு மதியச் சாப்பாட்டின்போது எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவோம். தொழிற்சாலை பஸ்ஸில் மற்றப் பெண்கள் தூங்கிக்கொண்டு வருவார்கள், நான் மடியில் புதிர்ப் புத்தகத்தோடு வருவேன். எல்லாம் இவளை ஜெயிக்கத்தான். சரியான விடை எழுதியவர்கள் பட்டியலில் அவள் பெயர் மூன்று முறை வந்தது. என் பெயர் ஒருமுறை வந்தது, அதுவும் ஊர்ப் பெயரைத் தப்பாகப் போட்டுவிட்டார்கள். நாற்பது வயதில் நான் சுடோகு கற்றுக்கொண்டேன். எண்ணுக்குத் தமிழ் டீச்சர் தேவையில்லை என்று ஒரு நிம்மதி. ஆறு மாதத்தில் அவளும் கற்றுக்கொண்டாள்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

அன்று நான் தேவாலயத்துக்குப் பூசைக்குப் போகவில்லை. கொஞ்சம் தலைவலி. வீட்டில் உட்கார்ந்து குறுக்கெழுத்தை எடுத்தேன். என்றும் இல்லாத வேகத்தில் முடிந்தது. ஒரு காலிக் கட்டம்கூட என் கண்ணில் படவில்லை. ஸ்டெல்லா வருவதற்குள் முடித்துவிட்ட சந்தோஷத்தில், அவள் பார்க்கட்டும் என்றே பத்திரிகையை மேசைமேல் விரித்து, மேலே பேனாவையும் வைத்தேன்.

பூசை முடிந்து பதினொரு மணிபோல் நண்டுக்கறியோடு வந்தாள். பத்திரிகையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்னாக்கா இது?"

"முடிச்சிட்டேன்லா. நீ இன்னும் தொடங்கவே இல்லையா?"

அவள் சிரித்தாள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என் பேனாவை எடுத்து, என் பத்திரிகையில் எழுத ஆரம்பித்தாள். என் விடைகளைத் திருத்துகிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முடித்துவிட்டு, "தேங்ஸ்க்கா" என்றாள். எதற்கு நன்றி என்று புரியவில்லை. குத்திக் காட்டுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

சாப்பிடும்போது நண்டே வைக்கவில்லை என்று சண்டை போட்டேன். "எல்லாம் உன் புருஷனுக்குத்தானா? எனக்கு வெறும் குழம்பா?" அவள் நான் விளையாடுகிறேன் என்று நினைத்து மறுபடியும் சிரித்தாள். மூன்று மணிக்குக் கிளம்பிப் போனாள்.

மறுநாள் காலை குளியலறையில் விழுந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் கேட்டு வந்து, ஆம்புலன்சுக்கும் ஸ்டெல்லாவுக்கும் போன் செய்தார்.

ஈப்போவில் அரசாங்க மருத்துவமனை. தள்ளு கட்டிலில் படுக்கவைத்து ஸ்கேன் அறைக்கு வெளியே வரிசையில் விட்டார்கள். கூரை விளக்குகளைப் பார்த்தபடி கிடந்தேன். மூளைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று அந்த ஸ்கேனில் தெரியும். இரண்டுக்கும் வைத்தியம் நேரெதிர் என்பதால் அது தெரியாமல் மருந்து கொடுக்க முடியாதாம். எனக்கு அடைப்பு. மூளையின் வலது பாதிக்குப் போகும் ரத்தக் குழாய் ஒன்றில் ரத்தம் கட்டியிருந்தது. வலது மூளைதான் உடம்பின் இடப்பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறது.

டாக்டர் லிம் என்று ஓர் இளம் பெண். மலாயில்தான் பேசினார். எப்போதிலிருந்து இப்படி என்றுதான் முதலில் கேட்டார். கட்டியைக் கரைக்கும் ஊசி ஒன்று இருக்கிறது, ஆனால் நோய் தொடங்கிச் சில மணி நேரத்துக்குள் போட்டால்தான் உண்டு. ஸ்டெல்லா, "நேற்று மூன்று மணிவரைக்கும் நன்றாக இருந்தார்" என்றாள். விழுந்தது காலையில் என்றாலும், இரவில் எப்போது தொடங்கியதோ யாருக்கும் தெரியாது. ஊசி போடவில்லை.

நான்காம் நாள், அன்றாட வேலைகளைத் திரும்பப் பழக்கும் சிகிச்சையாளர் வந்தாள். கவிதா என்று ஒரு பெண். ஒரு டப்பாவைத் திறந்து மேசைமேல் கொட்டினாள். சின்னப் பிள்ளைகள் சேர்க்கும் படத் துண்டுகள். கோழியும் குஞ்சுகளும், மொத்தமே இருபத்துநாலு துண்டு.

"ஆண்டி, இத சேத்துக் காட்டுங்க."

எனக்கு மானம் போனது. எதிர்க்கட்டிலில் மிசஸ் நடராஜா என்று ஒருவர், ஒரு காலத்தில் பெரிய பதவியில் இருந்த யாழ்ப்பாணத்து அம்மா. இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார். அந்த வலியிலும் பேனாவால் சுடோகு போடுவார். பென்சில்கூட இல்லை, பேனா! அவருக்கு எதிரில் நான் கோழிக்குஞ்சு சேர்க்க வேண்டும்.

விறுவிறு என்று சேர்த்தேன். பாதிக் கோழிதான் வந்தது. தலையும் இல்லை, கழுத்தும் இல்லை. மேசையில் வேறு துண்டும் இல்லை.

"துண்டு கொறயுது" என்றேன்.

"நல்லாப் பாருங்க ஆண்டி."

"பாத்திட்டேன். இவதான் எடுத்திருப்பா. இந்த ஸ்டெல்லா! சின்ன வயசிலேர்ந்து இவளுக்கு இதே வேல. நான் ஜெயிச்சா இவளுக்குப் பொறுக்காது."

வார்டே திரும்பிப் பார்த்தது. ஸ்டெல்லா என் இடது பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவள் குரல் மட்டும் கேட்டது. "நான் எடுக்கலக்கா." அழுகிற குரல்.

"என்ன பிள்ளை, தங்கச்சியைப் போய் அப்பிடிச் சொல்லுறீர்?" என்றார் மிசஸ் நடராஜா.

கவிதா என் வலது கையைப் பிடித்து, மேசையின் விளிம்போடு இடப்பக்கமாக இழுத்துப் போனாள். கூடவே தலையையும் திருப்பச் சொன்னாள். அங்கே, எங்கிருந்தோ, பத்துப் பன்னிரண்டு துண்டுகள் வந்து கிடந்தன. அவற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்டெல்லாவின் முகம் இருந்தது.

இதற்கு 'நெக்லெக்ட்' என்று பெயராம். கண்ணில் கோளாறு இல்லை. கண் பார்க்கிறது, மூளை அந்தப் பக்கத்தைக் கண்டுகொள்வதில்லை. இருட்டாகவோ மங்கலாகவோ இருந்தால் ஏதோ மறைக்கிறது என்றாவது தெரியும். இதில் ஒன்றும் மறைப்பதில்லை. பாதி உலகமே முழு உலகமாகத் தெரியும். தட்டில் பாதிச் சோறு மிச்சம் இருக்கும், நீங்கள் தட்டு காலி என்பீர்கள். கடிகாரம் வரையச் சொன்னால் பன்னிரண்டு எண்களையும் வலப்பக்கமே நெருக்கி எழுதிவிட்டு, சரியாக வரைந்ததாகச் சத்தியம் செய்வீர்கள். நான் செய்தேன்.

கவிதா இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே ஸ்டெல்லா எழுந்து வெளியே போய்விட்டாள். அரை மணி நேரம் கழித்து வந்து, வலப்பக்கம் எனக்குத் தெரிகிற மாதிரி நின்றாள்.

"அக்கா, அன்னிக்கு குறுக்கெழுத்துல நீ வலது பக்கம் மட்டுந்தான் எழுதியிருந்த. இடது பக்கம் அப்படியே காலியா கெடந்துச்சி. நான் என்னா நெனச்சேன் தெரியுமா? அப்பா போட்ட கோடு ஞாபகம் வந்து, என் பக்கத்த எனக்காக நீ விட்டு வெச்சிருக்கன்னு நெனச்சேன். அம்பது வருஷத்துல எனக்குன்னு நீ ஒண்ணு விட்டு வெச்சன்னு சந்தோஷப்பட்டேன்க்கா. நண்டும் தட்டுல இடது பக்கம் இருந்துச்சி. நான்தான் வெச்சேன். எனக்கு ஏன் தோணல? அப்பவே தூக்கிட்டு வந்திருந்தா ஊசி போட்டிருப்பாங்களே. நான்தான் உன்ன இப்படி ஆக்கிட்டேன்."

மறுநாள் டாக்டர் சுற்றி வந்தபோது, அவரிடமும் இதைத் தானாகவே சொன்னாள். டாக்டர் ஒன்றும் கடிந்துகொள்ளவில்லை. கோப்பில் எழுதிக்கொண்டார்.

இனி நான் மறைத்ததைச் சொல்கிறேன். அன்று காலை ஏழு மணிக்கே எனக்கு இடது கை மரத்துப் போயிருந்தது. ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியவில்லை. இடது காலில் போட்ட செருப்பு கழன்று பின்னால் கிடந்தது, நான் தெரியாமல் நடந்திருக்கிறேன். பூசைக்குப் போகாததற்குக் காரணம் தலைவலி மட்டும் இல்லை. ஸ்டெல்லா வந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். அவள் வாசலில் வந்து இறங்கினாள். ஐம்பத்தொன்பது வயதில் ஒரு கையில் கறிச்சட்டி, மறு கையில் பழப்பை, படியில் துள்ளி ஏறுகிறாள். கையை மடியில் மறைத்துக்கொண்டேன். ஸ்டெல்லா இருந்த நாலு மணி நேரமும் அந்தக் கை மடியிலேயே இருந்தது. அப்புறம் நோய் முற்ற முற்ற, கை ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோனது. ஆனால் காலையில் தெரிந்தது. நன்றாகத் தெரிந்தது.

அவள் என் முன்னால் அழுதபோது இதைச் சொல்லியிருக்கலாம். இரண்டே வாக்கியம்தான். சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவள் தாழ்ந்து நின்றாள், நான் மேலே இருந்தேன். படுத்துக்கிடந்தாலும் மேலேதான். அது எனக்கு இனித்தது.

மூன்று வாரம் வார்டில் இருந்தேன். ஸ்டெல்லா ஒருநாள் தவறாமல் வந்தாள். தலை வாரிப் பின்னிவிட்டாள், நகம் வெட்டினாள். மருத்துவமனைக் கஞ்சி பிடிக்கவில்லை என்று முகம் சுளித்தால் அடுத்த வேளைக்கு ரசம் வரும். இடப்பக்கம் உட்கார்ந்து பேசினால் எனக்குத் தலை திரும்பப் பழகும் என்று கவிதா சொன்னதால், நான் திரும்பிப் பார்க்கும்வரை மணிக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்திருப்பாள். புதிர்த் தாளின் இடது ஓரத்தில் கவிதா ஒரு சிவப்பு டேப் ஒட்டியிருந்தாள். அந்தச் சிவப்பு தெரியும்வரை தலையைத் திருப்ப வேண்டும், அதன்பிறகுதான் எழுத வேண்டும். ஒன்பதுக்கு ஒன்பது கட்டச் சுடோகுவை முடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. முடித்துவிட்டு அவளைப் போட்டிக்குக் கூப்பிட்டேன்.

"நான் இனிமே போடறதில்லக்கா" என்றாள்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்த நினைப்பு ரொம்ப நாள் நீடித்தது.

வீட்டுக்கு வந்தேன். ஸ்டெல்லாவின் கணவர் குளியலறையில் கைப்பிடிக் கம்பி பொருத்திக் கொடுத்தார். மூன்றாம் மாதம் கோலை ஊன்றிக்கொண்டு ஞாயிறு பூசைக்குப் போக ஆரம்பித்தேன். நற்கருணை நேரத்தில் என்னால் வரிசையில் நிற்க முடியாது என்று இருக்கைக்கே கொண்டு வந்து கொடுத்தார்கள். எனக்குக் கொடுத்துவிட்டு ஸ்டெல்லாவைப் பார்த்தார்கள். அவள் தலையை ஆட்டி, வேண்டாம் என்றாள். அடுத்த வாரமும் அப்படியே. சின்ன வயதிலிருந்து காய்ச்சலிலும் நற்கருணையை விடாதவள்.

மூன்றாவது வாரம் அவள் புருஷனைக் கேட்டேன். "அன்னியிலேர்ந்தே இப்படித்தான். உங்கள கவனிக்காம விட்டுட்டேன்னு ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டா. அவரு அது பாவமே இல்லம்மான்னுட்டாரு. கேக்க மாட்டேங்கிறா. சாப்பாடும் சரியில்ல" என்றார்.

அவளைத் திரும்பி நன்றாகப் பார்த்தேன். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. மூன்று மாதமாக எதிரில் உட்கார்ந்திருக்கிறாள், நான் பார்க்கவில்லை. இதற்கு நோயைக் குற்றம் சொல்ல முடியாது, அவள் வலப்பக்கத்திலும்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

அன்று அவள் காரில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் வீட்டுக்கு வரும்போது சொன்னேன்.

"ஸ்டெல்லா, அன்னிக்கு காலையில ஏழு மணிக்கே எனக்கு கை மரத்துப் போச்சி. தெரிஞ்சேதான் உன்கிட்ட மறைச்சேன்."

அவள் காரை ஓரமாக நிறுத்தினாள். சிக்னல் விளக்கு மட்டும் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

"ஏழு மணிக்கா?"

"ஆமா."

"அப்ப நான் அழுதப்ப?"

"தெரியும்."

"மூணு மாசமாவா?"

அவள் என்னை வீட்டில் இறக்கிவிட்டாள். கோலை எடுத்துக் கையில் கொடுத்தாள், கதவைத் திறந்துவிட்டாள், போய்விட்டாள். பதினோரு நாள் போன் இல்லை. சாப்பாடு மட்டும் அவள் புருஷன் கையில் வந்தது. அந்தப் பதினோரு நாளும் அந்த மூன்று வார வார்டைவிட நீளமாக இருந்தன. அவள் இனி வரவே மாட்டாள் என்று பயந்தேன். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

பன்னிரண்டாம் நாள் அழைத்தாள்.

"நாளைக்கு உனக்கு கிளினிக். எட்டு மணிக்கு வாரேன்."

"சரி."

"ஃபைல்ல நான் கவனிக்கலன்னு இருக்கு. நீ மறைச்சது இல்ல. அத நீயே டாக்டர்கிட்ட சொல்லணும். என் முன்னாடி."

டாக்டர் லிம் கோப்பைத் திறந்தார். நான் சொன்னேன். காலை ஏழு மணி, ரவிக்கைக் கொக்கி, செருப்பு, மடியில் மறைத்த கை, ஒன்று விடாமல். அவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பக்கத்தில் தங்கையே இருந்திருக்கிறாரே, ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். திட்டுகிற மாதிரி இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

ஸ்டெல்லா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கம் திரும்பி அந்தச் சொல்லைத் தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அறுபத்தொரு வருடமாக வராதது அன்று மட்டும் எப்படி வரும்? டாக்டருக்குப் புரிகிற மொழியிலேயே சொன்னேன்.

"சாயா செம்புரு, டாக்டர்."

எனக்குப் பொறாமை, டாக்டர். அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.

டாக்டர் அதைக் கோப்பில் எழுதினாரா என்று தெரியாது. காலை ஏழு மணி என்று எழுதியதைப் பார்த்தேன். ஸ்டெல்லா எழுந்து, எட்டி, அந்த வரியை முழுதாகப் படித்தாள். படித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, "எந்திரி. பசிக்கிது" என்றாள்.